அச்சு மாறினால் தேர் மாறுமா?

எங்கள் ஊர்த் தேருக்கு வயது என்ன என்று கேட்டால் பெரியவர்கள் தயங்காமல் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் நாள் வைத்த மரத்தில் எத்தனை துண்டு இன்றும் அந்தத் தேரில் இருக்கிறது என்று கேட்டாலோ சிரித்துவிடுவார்கள். சக்கரம் ஒரு தலைமுறையில் மாறியது. அச்சு முறிந்து வேறு அச்சு வந்தது. மழையில் நனைந்து உளுத்துப்போன சட்டங்களைத் தச்சர் எடுத்துப் போட்டுவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் வெள்ளோட்டம் விட்டார்கள். ஓடியது, அவ்வளவுதான். "அச்சை மாற்றிவிட்டீர்கள், ஆகையால் இது வேறு தேர். வீதியில் ஓட்டும் உரிமையைப் பணம் கட்டிப் புதிதாக வாங்கி வாருங்கள்" என்று எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஊர் சும்மா இருந்திருக்காது.

நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கு மட்டும் இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. அதற்கும் ஓர் அச்சு உண்டு, மதர்போர்டு என்கிறோம். அதை மாற்றினால், காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தின் உரிமம் போய்விட்டது என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்கலாம். நேற்றுவரை உரிமையாளனாக இருந்தவன் இன்று உரிமையற்றவன் ஆகிவிடுகிறான். இது சரியா, சரியன்று என்றால் நாம் செய்யவேண்டுவது என்ன என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இது கணிப்பொறித் துறை மாணவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வரலாறு படிப்பவருக்கும் பொருளாதாரம் படிப்பவருக்கும் இன்று கணிப்பொறி இல்லாமல் ஒரு நாளும் நடப்பதில்லை.

டில்லி விடுதியில், எங்கள் தளத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் ஒரு நாள் இரவு மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை நாகைப் பக்கத்திலிருந்து வந்து முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் என் அறைக்கு ஓடி வந்தார். "அண்ணா, பெட்டி உயிர் விட்டுவிட்டது. ஆய்வுக் கட்டுரை முழுவதும் அதற்குள் இருக்கிறது" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. போய்ப் பார்த்தோம். கட்டுரை இருந்த டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. மதர்போர்டுதான் எரிந்து போயிருந்தது. பெயர் பெற்ற கம்பெனி ஒன்று இயங்குதளத்தோடு சேர்த்து விற்ற கணிப்பொறி அது. வாரண்டிக் காலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

கடைத்தெருவில் ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றார். கடைக்காரர் வேறு கம்பெனியின் மதர்போர்டு ஒன்றை மலிவாகப் பொருத்திக் கொடுத்தார். பெட்டி ஓடியது, கட்டுரையும் கிடைத்தது. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் செய்க" என்று ஒரு மங்கலான வரி வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் கடைக்குப் போனார். "அது ஒன்றுமில்லை, தம்பி. சில நூறு ரூபாய் கொடுங்கள், ஒரு கீ தருகிறேன்" என்றாராம் கடைக்காரர். தம்பி கொடுத்தார். மூலையிலிருந்த வரி மறைந்தது. மூன்று மாதம் கழித்து அதே வரி திரும்பவும் வந்தது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். முடிவில் தந்தையார் அனுப்பிய உணவுக் கட்டணப் பணத்தில் கை வைத்துப் புதிய உரிமம் ஒன்றைத் தம்பி முழு விலைக்கு வாங்கினார். ஒரே பொருளுக்கு மூன்று முறை காசு! கணிப்பொறி வாங்கியபோது ஒரு முறை, கடையில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை.

அதே மாதத்தில் நானும் மதர்போர்டை மாற்றினேன். என்னுடையது எரிந்து போகவில்லை, பழையதாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 14-10-2025 அன்று நிறுத்தியது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றவேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டும். என் பழைய பலகையில் அது இல்லை. ஆகவே பலகையையும் பிராசஸரையும் சேர்த்து மாற்றினேன். எனக்கும் அதே அறிவிப்பு வந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் உரிமம் திரும்பிவிட்டது. ஒரு காசும் செலவில்லை.

எனக்கும் தம்பிக்கும் என்ன வேறுபாடு? நான் அவரைவிட நேர்மையானவன் அல்லேன். அதிகப் பணம் கட்டியவனும் அல்லேன். என்னிடம் இருந்தது வேறு வகை உரிமம்; அந்த வகை இன்னது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அறிந்தவனுக்கு ஒரு நீதி, அறியாதவனுக்கு ஒரு நீதி! என் மனத்தை உறுத்தியது இதுதான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் இதுதான்.

உரிமம் எவ்வாறு பலகையோடு கட்டுண்டது என்பதைப் பார்ப்போம்.

முற்காலத்தில் விண்டோஸை வாங்கினால் 25 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கீ கிடைக்கும். அதைத் தட்டினால் போதும். ஒருவர் வாங்கியதை ஊரே பயன்படுத்தியது. இதைத் தடுப்பதற்காக 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஆக்டிவேஷன் என்ற முறையைக் கம்பெனி புகுத்தியது. கணிப்பொறியின் பத்து உறுப்புகளைப் பார்த்து, அவற்றிலிருந்து ஓர் அடையாள எண்ணை அது உருவாக்கிக்கொள்ளும். கீயும் அந்த அடையாளமும் சேர்ந்து கம்பெனியின் ஏட்டில் பதிவாகும். ஓரிரண்டு உறுப்பு மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல மாறினால், "நீ வேறு கணிப்பொறி, மறுபடியும் பதிவு செய்" என்று சொல்லும்.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இம்முறை மேலும் மாறியது. பலருக்குக் கீயே கிடையாது. இந்த அடையாளமுள்ள கணிப்பொறிக்கு உரிமம் உண்டு என்ற குறிப்பு கம்பெனியின் கணிப்பொறிகளில் இருக்கும். டிஜிட்டல் உரிமம் என்று அதற்குப் பெயர். இதில் நன்மையும் உண்டு. டிஸ்க்கை மாற்றிவிட்டு அதே பதிப்பை மறுபடியும் ஏற்றினால், கீ கேட்கும் இடத்தைத் தாண்டிச் செல்லலாம். இணையத்தோடு சேர்ந்ததும் உரிமம் தானே வந்துவிடும். ராம் கூட்டினாலும் கிராபிக்ஸ் கார்டு மாற்றினாலும் பெரும்பாலும் தொல்லை இல்லை. மதர்போர்டு ஒன்றுதான் வம்பு. அந்த அடையாளத்தில் அதற்கே முதலிடம். மற்றவை மாறினால் உடை மாற்றியது போல. அது மாறினால் ஆளே மாறியது போல.

இனி உரிமத்தின் வகைகள். சாதி மூன்று.

முதலாவது, கடையில் தனியாக வாங்கும் முழு உரிமம். ரீடெயில் என்பார்கள். விலை அதிகம். பழைய கணிப்பொறியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதற்குக் கொண்டு செல்லலாம். ஒரே நேரத்தில் இரண்டில் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவே.

இரண்டாவது, கணிப்பொறியோடு ஒட்டி வருவது. ஓ.இ.எம். என்பார்கள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது இதுதான். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் இதன் கீயை மதர்போர்டின் நினைவிலேயே பொதித்து விற்கிறார்கள். முதலில் ஏற்றிய கணிப்பொறியோடு இது பிறந்தது. அதனோடேயே மடியவேண்டும் என்பது விதி. இந்த விதிக்குள்ளும் ஒரு கருணை உண்டு. மதர்போர்டு பழுதாகி, அதற்குப் பதிலாக அதே வகைப் பலகையையோ, தயாரித்த கம்பெனி ஈடாகத் தரும் பலகையையோ பொருத்தினால் புதிய உரிமம் வேண்டியதில்லை. விரும்பி மேம்படுத்துவதற்காக மாற்றினால்தான் அது புதிய கணிப்பொறி.

தம்பியின் கதையை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவருடைய பலகை எரிந்துபோனது. அவர் விரும்பி மாற்றவில்லை. தயாரித்த கம்பெனியின் சேவை நிலையத்துக்குச் சென்று ஈடான பலகை வாங்கியிருந்தால் உரிமத்தைக் காத்திருக்கலாம். பலகை சற்று விலை கூடியிருக்கும். ஆனால் மூன்று முறை காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை அவரிடம் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை.

மூன்றாவது, பல்கலைக் கழகமும் அலுவலகமும் மொத்தமாக வாங்கும் உரிமம். வால்யூம் என்பார்கள். நம் ஆய்வுக்கூடக் கணிப்பொறிகளில் பலவும் இவ்வகை. அவற்றில் ஒரு முறையின்படி, நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்று 180 நாளுக்கு உரிமத்தை உறுதி செய்துகொண்டே வரும். நிறுவனத்தின் வலையைவிட்டு வெளியே போய்விட்டால் தவணை தீர்ந்ததும் உரிமமும் தீரும். கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளில் பல, எங்கோ ஒரு நிறுவனத்துக்கென்று கொடுத்த இவ்வகைக் கீகளே. ஒரே கீயை நூறு பேருக்கு விற்கிறார்கள். கம்பெனி கண்டுகொண்டதும் முடக்கிவிடுகிறது. காசு போனது போனதுதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று இன்றே தெரிந்துகொள்ளலாம். கமாண்டு பிராம்ப்ட்டைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்தையும் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, வலப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட்டு, டி, எல், ஐ என்ற மூன்று எழுத்தையும் தட்டுங்கள். ஒரு சிறு பெட்டி தோன்றி ரீடெயில், ஓ.இ.எம்., வால்யூம் என்பவற்றில் எது என்று சொல்லும். ஒரு நிமிட வேலை. என் தளத்திலிருந்த நண்பர்களைக் கேட்டேன். ஒருவராவது இதைச் செய்து பார்த்ததில்லை.

பலகையை மாற்றுமுன் செய்யவேண்டியவை சில உண்டு. உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கை அந்தக் கணிப்பொறியின் டிஜிட்டல் உரிமத்தோடு இணைத்துவிடுங்கள். 2016 முதல் இந்த வசதி இருக்கிறது. அமைப்புப் பகுதியில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால் இணைந்திருக்கிறதா என்று தெரியும். பழைய பலகை உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும், எரிந்தபின் கைகூடாது. ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு பதிப்பை ஏற்றினால் பழைய உரிமம் பொருந்தாது. வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று உரிமத்தைவிட முக்கியமானது. இக்காலத்துக் கணிப்பொறிகள் பல, டிஸ்க்கைத் தாமே பூட்டிவைக்கின்றன. பலகை மாறியதும் 48 இலக்கம் கொண்ட மீட்புக் கீயைக் கேட்கும். அது இல்லையேல் கட்டுரையும் இல்லை, படமும் இல்லை. உரிமம் போனால் காசு போகும்; இது போனால் உழைப்பே போகும். ஆகவே அதை ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

பலகையை மாற்றியபின் அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் சிக்கல் தீர்க்கும் பகுதிக்குப் போங்கள். அண்மையில் உறுப்பை மாற்றினேன் என்று பொருள்படும் ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து, பட்டியலில் பழைய கணிப்பொறியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அந்த உரிமத்துக்கு இடம் மாறும் தகுதி இருக்கும்பட்சத்தில் அது புதிய பலகைக்கு வந்துவிடும். நான் செய்தது இதுதான். கணிப்பொறிக்கு ஒரு நல்ல பெயர் சூட்டி வைத்திருந்தால் பட்டியலில் அடையாளம் காண எளிது. "டெஸ்க்டாப்" என்று தொடங்கும் பெயர்கள் பத்து வரிசையாக நின்றால் எதை என்று தொடுவது?

இவையெல்லாம் தற்காப்பு. இப்போது நியாயத்துக்கு வருவோம்.

கம்பெனியின் வாதத்தையும் நாம் கேட்கவேண்டும். "ஒரு கீயை ஊரே பயன்படுத்தினால் நாங்கள் எப்படிப் பிழைப்பது? கணிப்பொறியோடு ஒட்டித் தரும் உரிமத்தை மலிவாகத் தருகிறோம், அது ஒட்டியே இருக்கவேண்டும் என்பதுதான் அந்த மலிவுக்கு நிபந்தனை" என்று அவர்கள் சொல்லலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. திருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. விலை குறைந்த சீட்டுக்கு நிபந்தனை அதிகம் இருப்பது உலக வழக்கம்தான்.

சீட்டு என்றதும் நாம் எல்லோரும் அறிந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்னைக்குப் போக ஜி.டி. எக்ஸ்பிரஸில் சீட்டு எடுக்கிறோம். அந்தச் சீட்டை இன்னொருவருக்கு விற்க முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதில் எழுதியிருப்பது பயணியின் பெயர். வண்டியில் ஏறிய பிறகு நமக்குரிய பெர்த்தின் பலகை உடைந்திருக்கக் கண்டால் டி.டி.ஈ. என்ன செய்வார்? வேறு பெர்த் தேடித் தர முயல்வார். "சீட்டு அந்தப் பலகைக்குத்தான் கொடுத்தது, பலகை உடைந்ததால் சீட்டும் செல்லாது, வேறு சீட்டு வாங்கு" என்பாரா? அப்படிச் சொன்னால் பெட்டியில் உள்ள அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள் அல்லவா? கணிப்பொறி உரிமத்தில் நடப்பது அதுவே. பணம் கொடுத்தது மனிதன், உரிமையோ பலகைக்கு!

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? நம் நாட்டில் ஒரு விந்தை உண்டு. பெட்டியில் அடைத்து விற்கும் மென்பொருள் "சரக்கு"தானா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் கம்பெனிக்கும் ஆந்திரப் பிரதேச அரசாங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. அது சரக்குத்தான், விற்பனை வரி விதிக்கலாம் என்று 2004-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் வருமான வரி பற்றிய மற்றொரு வழக்கிலும், வெளிநாட்டுக் கம்பெனிகளின் மென்பொருளை இங்கே உள்ளவர்கள் வாங்கிப் பயன்படுத்தக் கொடுக்கும் பணம் காப்புரிமைக்குக் கொடுக்கும் ராயல்டி ஆகாது என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆக, வரி வாங்கும்போது அது சரக்கு. ராயல்டி என்று வரி கேட்டால், இல்லை, விற்பனை. வாங்கிய மாணவன் அதைத் தன் புதிய பலகைக்குக் கொண்டு போக நினைக்கும்போது மட்டும், "அது சரக்கு அன்று, வெறும் அனுமதி" என்று ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். இவ்விரு தீர்ப்பும் வரியைப் பற்றியவை. நம் கேள்விக்கு நேரான விடை அவற்றில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அரசாங்கத்துக்குச் சரக்காக இருப்பது குடிமகனுக்கு மட்டும் ஏன் சரக்காக இருக்கக் கூடாது என்று கேட்பதில் தவறு என்ன?

பிற நாடுகள் இக்கேள்வியைக் கேட்டு விடையும் கண்டிருக்கின்றன. கணிப்பொறியோடு சேர்த்தே விற்கவேண்டும் என்று கம்பெனி விதித்த நிபந்தனை, முறையாக வாங்கிய பிரதியைப் பின்னர் தனியாக விற்பவரைக் காப்புரிமைச் சட்டத்தின்படி கட்டுப்படுத்தாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. ஆரக்கிள் கம்பெனிக்கும் யூஸ்டுசாப்ட் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், காலவரம்பில்லாத உரிமத்துக்கு ஒரு முறை விலை பெற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மறுவிற்பனையைத் தடுக்கும் அதிகாரம் தீர்ந்துபோகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அங்கே மற்றவனுக்கு விற்கவே உரிமை தருகிறார்கள். நாம் கேட்பது அவ்வளவுகூட அன்று. என் கணிப்பொறியில் எரிந்த பலகையை மாற்றிக்கொண்டு என் உரிமத்தோடு வாழ விடுங்கள் என்பதே!

நம் நாட்டிலும் ஒரு நல்ல அறிகுறி தெரிகிறது. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென்று ஓர் இணைய வாயிலும் திறந்தார்கள். கைப்பேசி, டிராக்டர், மோட்டார் வண்டி, வீட்டுச் சாமான் ஆகியவற்றை உடையவர் பழுது பார்த்துக்கொள்ள வழி செய்யவேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் உதிரி உறுப்பு கிடைத்துவிட்டால் மட்டும் பழுது தீர்ந்துவிடுமா? உறுப்பைப் பொருத்தியபின் இயங்குதளம் "உன்னைத் தெரியாது" என்று சொன்னால் அது பழுது பார்த்ததாகுமா? பழுது பார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மென்பொருள் உரிமத்தையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் கருத்து.

நான் வேண்டுவது இரண்டே. ஒன்று: பழுதான உறுப்பை எவர் செய்த உறுப்பால் ஈடு செய்தாலும், கணிப்பொறியின் உரிமையாளர் அவரே என்றால் உரிமம் தொடரவேண்டும். இரண்டு: கணிப்பொறி விற்கும்போதே, இன்ன வகை உரிமம், பலகை மாறினால் இன்னது ஆகும் என்று பில்லில், வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். மருந்துப் புட்டியில் காலாவதி நாள் அச்சிடுகிறோம். இத்தனை ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஒரு வரி அச்சிடக் கூடாதா?

"இந்தத் தொல்லையே வேண்டாம், லினக்ஸுக்கு வந்துவிடு" என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கியது அது. மாணவன் தொடங்கியது என்பதை நாம் மறக்கக் கூடாது. அதற்குக் கீ இல்லை, ஆக்டிவேஷன் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு பலகையில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்து நிற்கும். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழிலேயே வேலை செய்யலாம். கட்டுரை எழுத, கணக்குப் போட, இணையம் பார்க்க இவை போதும். ஆனால் எல்லோருக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லமாட்டேன். கட்டடக் கலை படிக்கும் நண்பருக்கு வேண்டிய வரைபட மென்பொருள் லினக்ஸில் கிடைப்பதில்லை. துறை எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவன் வைத்திருக்க முடியும். விருப்பத்தால் விண்டோஸ் வைத்திருப்பவர்களைவிடக் கட்டாயத்தால் வைத்திருப்பவர்களே நம்மில் அதிகம். கட்டாயம் இருக்கும் இடத்தில்தான் நியாயம் அதிகமாக வேண்டும்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. உரிமம் இல்லாமலே உரிமம் இருப்பதுபோல் காட்டும் சிறு மென்பொருள்கள் விடுதி அறைகளில் பென் டிரைவில் உலவுகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்து என்று அவை கேட்கும். வாயிற்காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முன்பின் அறியாதவனை உள்ளே அழைப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அவசரத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸும் ஓடும். மூலையில் அந்த வரி நிற்கும். பின்னணிப் படம், நிறம் முதலியவற்றை அமைப்புப் பக்கத்தில் மாற்ற விடாது. கட்டுரை எழுதத் தடையில்லை. பதறி, கையில் கிடைத்த கீயை வாங்கிவிடாமல், நிதானமாக வழி தேட அது அவகாசம் தரும். தம்பிக்கு அன்று இதையாவது நான் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த அறையில்தான் இருந்தேன். அவர் கடைக்குப் போனது எனக்குத் தெரியும். கீ வாங்கியது பின்னர்தான் தெரிந்தது. கேட்காதவரிடம் நாமாகச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ரயில் நிலையத்தில் வரவேற்பு அளிக்கிறோம், பொங்கலுக்குக் கூடுகிறோம், எந்த மெஸ்ஸில் சாம்பார் சாம்பாராக இருக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். ஒவ்வொருவரும் தம் கணிப்பொறியைக் கொண்டு வரட்டும். எந்த வகை உரிமம் என்று பார்த்து, கணக்கோடு இணைத்து, மீட்புக் கீயைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். மொழி தெரியாத ஊரில், கணிப்பொறி பழுதான நாளில், கடைக்காரர் சொல்வதே வேதம் என்று ஒரு மாணவன் நிற்கும் நிலையை நாம் மாற்றலாம். நுகர்வோர் துறைக்கு நம் கோரிக்கையை எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு அனுப்பலாம். டில்லியிலேயே இருக்கிறோம், தொலைவு ஒரு காரணம் ஆகாது.

பெரிய கம்பெனியின் விதியை நான்கு மாணவர்கள் மாற்ற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியுமோ, முடியாதோ, கேட்காமல் எதுவும் மாறியதில்லை. 2001-இல் கட்டிய முடிச்சு 2016-இல் சற்றுத் தளர்ந்தது. கணக்கோடு இணைத்துக்கொண்டால் பலகை மாறினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. இன்னும் தளர்வதற்கு இடமிருக்கிறது.

நாகைத் தம்பியின் கட்டுரை முடிந்துவிட்டது. துறையில் பாராட்டினார்கள். போன வாரம் அவர் என் அறைக்கு வந்து, "அண்ணா, பக்கத்து அறைப் பையனின் பெட்டி பழுதாகிவிட்டது. பலகையை மாற்றுமுன் எந்த உரிமம் என்று பார்த்துச் சொல்லிவிட்டேன், கம்பெனியின் சேவை நிலையத்துக்கே போகச் சொன்னேன்" என்றார். நான் செய்யத் தவறியதை அவர் செய்துவிட்டார். இந்தத் தளத்தில் இனி ஒருவர் ஒரே பொருளுக்கு மூன்று முறை காசு கொடுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.